நாசகாரிக்கு அருளின் பெயர்

நல்லேப்பிள்ளி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் வனிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கௌசிகாவும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாசாணியம்மன் துணை இருக்கட்டும். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். நடவு ஒருவழியாக முடிந்தது, முழங்கால்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

புதுப் போர்க்கப்பலுக்கு, கடற்படையில் இருந்த உன் தம்பி அருள்குமாரின் பெயர் வைக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அன்றிலிருந்து எனக்கு ஓய்வே இல்லை அம்மிணி. பஞ்சாயத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள், சேனல்காரர்கள் வந்தார்கள், கடற்படை ஆபீசிலிருந்து தினமும் போன். இதற்கு நடுவே பேப்பரில் 'நாசகாரிக் கப்பலுக்கு அருள்குமார் பெயர்' என்று போட்டுவிட்டார்கள். அதைப் படித்த அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "ஏனுங்க, புயல்ல கவுந்த படகுல இருந்து நாலு மீன்காரங்களைத் தூக்கி உட்டுட்டு, அஞ்சாவது ஆளுக்காகப் போயித்தான் எம் பையன் செத்தான். அவன் பேரு நாசகாரிக்குங்களா? நான் வரமாட்டேனுங்க" என்றாள். எதிரிக் கப்பலை அழிக்கிற கப்பலை அப்படித்தான் சொல்வார்கள் என்றேன், கோபம் இன்னும் ஏறியது. பெற்ற தாய்தான் தேங்காய் உடைத்துக் கப்பலைத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று அவர்கள், வரமாட்டேன் என்று இவள், நடுவில் நான். கடைசியில் பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி வந்து, "நீங்க போயி மனசுல இருக்கறதை அவங்ககிட்டயே சொல்லிப்போட்டு வாங்கக்கா" என்றான். அதற்காகத்தான் கிளம்பினாள்.

மும்பையில் அந்தக் கப்பலை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்காமல் நின்றாள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரிய அதிகாரியிடம், "கடல்ல யாராச்சும் உழுந்து கெடந்தா, எந்த நாட்டுக்காரன்னு பாக்காம தூக்குவீங்களா? அதைச் சொல்லுங்க, ஒடைக்கறேன்" என்றாள். தூத்துக்குடிக்கார மாலுமி ஒருவர் அதை இந்தியில் சொன்னார். அதிகாரி, சண்டை நேரத்தில் என்ன நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது அம்மா, என்னால் முடிகிற வரைக்கும் யாரையும் விடமாட்டேன் என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "இவரு பொய் சொல்லலீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஒரே போடாக உடைத்தாள். கப்பல் நகர்ந்து தண்ணீரில் இறங்கியது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இப்போது புதுப் பாடு. கப்பலைக் கரையோரம் கட்டி வைத்திருக்கிறார்கள், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, கடலுக்குப் போக இரண்டு வருஷம் ஆகுமாம். ஆனால் டிவியில் புயல் என்று சொன்னால் போதும், "அருளு கரையிலதானுங்களே இருக்கறான்?" என்று கப்பலை நினைத்து நாலு தடவை கேட்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனோடு ஓய்ந்துபோன கவலை மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கேட்கும்போது ஒரு நொடி நானும் பயந்துதான் போகிறேன்.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு வெளியே கூட்டிப் போ. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, கரையில்தான் இருக்கிறான் என்று அம்மாவிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

உன் அப்பா,
நஞ்சப்பன்