விதுஷா பொம்மையைத் தூங்கவைத்த விதம்

மடுல்சீமை,
ஞாயிற்றுக்கிழமை.

மகள் சிவசக்திக்கு அம்மா எழுதுவது.

வெள்ளிக்கிழமை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பதுளையிலிருந்து வந்த சிங்கள நோனா அம்மா, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுதர்ஷினி, உன் அண்ணன் ஜெயகுமார், மேல் லயத்து அழகையா, பிறகு நான். அழகையா எதற்கு வந்தார் என்று கேட்காதே. தேத்தண்ணியும் தின்னப் பணிசும் கொடுத்தார்கள்.

இதைப் போனில் சொல்ல முடியாது, உன் மகள் விதுஷா பக்கத்திலேயே நிற்பாள். அதனால் உன்னைப்போல வேலைக்குக் குவைத்துக்குத் திரும்பும் லுணுகலை காமிலாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்க வந்த நோனா, ஆளுக்கொரு பொம்மை கொடுத்துத் தூங்கவைக்கச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் மடியில் போட்டு ஆட்டின. ஒன்று ஆராரோகூடப் பாடியது. நம் விதுஷா பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கிடத்தினாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அழுவுறியா? நல்லா அழு. நீ அழுவுறதாலதான் உங்கம்மா வராம இருக்கா" என்றாள். குரலும் என் குரல், நிற்பதும் நான் நிற்பது மாதிரி.

"அடடே, நம்ம இராக்கம்மா சின்னதா வந்து நிக்குதே!" என்று அழகையா சிரித்தார். நோனாவுக்குத் தமிழ் விளங்காது. உன் அண்ணன்தான் கெட்டிக்காரனாயிற்றே, அவள் சொன்னதையும் அழகையா சொன்னதையும் சிங்களத்தில் எடுத்துச் சொன்னான். அந்த அம்மா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆமாம், சொல்லியிருக்கிறேன். கொழுந்தெடுத்து வந்த அலுப்பில், அவள் உன்னைக் கேட்டு அழும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் அழுவதே இல்லை. நல்ல பிள்ளை என்று உன்னிடம் பெருமையடித்தேன்.

வெளியே வரும்போது படியில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். பிள்ளை என்னைத் தாண்டிப் போய்ச் சுதர்ஷினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. அப்படி ஓர் அழுகை. "அழு தங்கம், அம்மாவ நெனச்சு அழு" என்று அந்தப் பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இன்னும் இரண்டு வருசம் அங்கே வேலை செய்யக் கையெழுத்து வை, பிள்ளை என்னிடம் நன்றாயிருக்கிறது என்று சொன்னேனே, அதைக் கேட்காதே. வைக்காதே. வந்துவிடு. மாரியாத்தா உன்னைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்ப்பாள்.

உன் அம்மா,
இராக்கம்மா.

இன்னுமொன்று. அழகையாவை மன்னித்துவிட்டேன். உன் அண்ணனோடு தைப்பொங்கல்வரை பேசமாட்டேன், பிறகு பேசுவேன். இன்னொருத்தி இருக்கிறாள், நல்ல பெண், ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் ஒருநாளும் மன்னிக்கமாட்டேன், அந்தச் சுதர்ஷினியை.