பூச்செடியே, ஏன் பட்டுப்போனாய்?

ஜூலை 11
பக்கவாதத்தில் விழுந்த என் மனைவி செபதிக்குக் கை தேறிவிட்டது. இன்று தானே கிண்ணத்தைப் பிடித்து நீர்ச்சோறு குடித்தாள். பேச்சுதான் வரவில்லை. என்ன கேட்டாலும் வெறித்துப் பார்க்கிறாள். நாள் முழுக்க வாய் ஓயாதவள்!

ஜூலை 14
வீட்டில் சத்தமே இல்லை. தாங்க முடியவில்லை.

ஜூலை 19
சூரத்திலிருந்து லிட்டு பேசினான். பின்னால் தறிச் சத்தம். "அப்பா, போனை அம்மா காதுல வைங்க" என்றான். வைத்தேன். "பூச்செடியே, பூச்செடியே, ஏன் பட்டுப்போனே?" என்று கேட்டான்.

இவள் உதடு அசைந்தது. "கறுப்புப் பசு மேஞ்சிருச்சு."

கடவுளே! அவனுக்கு இவள் சொன்ன பழைய கதை! அவன் கேட்கக் கேட்க இவள் பதில் சொன்னாள். பசுவே ஏன் மேய்ந்தாய்? இடையன் பார்த்துக்கொள்ளவில்லை. இடையனே ஏன் பார்க்கவில்லை? மூத்த மருமகள் சோறு போடவில்லை. அவள் பிள்ளை அழுதது. பிள்ளையை எறும்பு கடித்தது. எறும்பே ஏன் கடித்தாய்? "பூச்செடி பட்டுப்போச்சு, நான் எங்க போவேன்?" மறுபடி பூச்செடி, மறுபடி பசு. ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

லிட்டு சின்னவனாக இருந்தபோது ஒரு கேள்விக்கு ஒரு வாய்ச் சோறு. கதைக்கு முடிவில்லாததால் தட்டு காலியாகிவிடும். கட்டாக் பேருந்தில் டிக்கெட் கிழித்துவிட்டு நான் வந்து சேரும்போது எறும்புதான் மிச்சமிருக்கும். வாசலிலேயே நின்று இருவர் சிரிப்பையும் கேட்பேன். எவ்வளவு நல்ல நாட்கள்!

ஜூலை 22
தண்ணீர் வேண்டுமா என்றால் பதில் இல்லை. கதை மட்டும் வருகிறது. டாக்டர் சொன்னார்: "அது மனப்பாடம். சொந்தமா ஒரு வார்த்தை வரட்டும், பார்ப்போம்." வராவிட்டால்? — கேட்கத் தைரியம் இல்லை.

ஜூலை 30
லிட்டுவுக்கு வேலை நேரம் மாறிவிட்டது. நானே கேள்வி கேட்டேன். பசு, இடையன்... அடுத்து, "பிள்ளையே, ஏன் அழுதே?"

நிறுத்திவிட்டாள். முகம் சிவந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"மருமக எங்க?" என்றாள். நான் விழித்தேன்; கதையில் மருமகளை விட்டுவிட்டிருந்தேன். "வீட்ல... இருந்தாத்தானே தெரியும்... லிட்டு அப்பாவுக்கு! எப்பப் பாரு பஸ்ஸு, பஸ்ஸு!"

இது கதையில் இல்லை. இது அவள் பேச்சு! முன்பெல்லாம் இதைச் சொன்னால் பதிலுக்குக் கத்துவேன். இன்று அவள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஆகஸ்ட் 8
காலையிலிருந்து திட்டு. பருப்பில் உப்பு அதிகமாம், மனுஷன் தின்பானா என்கிறாள். நாளைக்கும் ஒரு கை கூடவே போடலாமென்று இருக்கிறேன்.