அப்பா கேட்ட மெஷினை வாங்காதே

வெள்ளகோவில்
20.8.2025

அன்புள்ள வர்ஷினிக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடமாட்டேன் என்கிறது, அதனால் நான் சுகம், ஆடு மாடு சுகம், உங்கப்பாவுக்குத்தான் சுகமில்லை என்று உள்ளதை உள்ளபடியே எழுதிவிடுகிறேன். பதறாமல் முழுவதும் படி. நீ அந்த ஸ்வீடன் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும். கடிதம் எதற்கு, போன் இல்லையா என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார், நான் எங்கே போய் ரகசியம் பேசுவது? அதனால் உனக்கு அனுப்பும் கம்பு மாவுக்கும் நிலக்கடலைக்கும் நடுவில் இந்தத் தாளைச் சொருகப் போகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் பிறந்தநாளுக்கு என்று உன்னிடம் கேட்டாரே, மரம் அறுக்கிற பெரிய பெட்ரோல் மெஷின், அதை வாங்கிவிடாதே. சம்பளம் வந்ததும் ஒன்றாம் தேதி ஆர்டர் போடுகிறேன் என்றாய், அதற்குள் இந்தப் பொட்டலம் உன் கைக்கு வரவேண்டுமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். ஆடிக் காற்றில், ஆடு மேய்கிற நம் கொறங்காட்டில் வெள்வேல மரம் நாலு சாய்ந்துவிட்டது, அதில் ஒன்று கிளுவை வேலிமேல் விழுந்து படலை அமுக்கிவிட்டது, ஆடுகள் அந்த வழியாகப் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிவிடுகின்றன. மரம் அறுக்கிற ஆளுக்குப் பத்து முறை போன் செய்தாயிற்று, நாலு மரத்துக்கெல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு வர முடியாதுங்க என்கிறான். சரி, எப்படியும் நமக்கு விறகுதானே, வெந்நீர் அடுப்புக்கும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும் இரண்டு வருஷத்துக்கு ஆகும் என்று இவர் கிளம்பினார். (ஹீட்டர் போடு என்று நீ ஆரம்பிக்காதே, நம் போர் தண்ணீரின் உப்புக்கு ஹீட்டர் இரண்டு தரம் பழுதாகிவிட்டது.) நம் பங்காளி செங்கோட்டையன் தானாகவே தன் பழைய மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன், மெஷின்தான் நல்லதில்லை. இஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் எல்லாம் தேய்ந்துபோய், ஓட்டினால் பிடித்திருக்கிறவரின் பல்லே ஆடுகிறது. முதல் நாள் மத்தியானமே இவருக்குக் கை மரத்துவிட்டது, கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன், அதற்கு இவர், ஒரே நாள்ல திருப்பிக் குடுத்தா மெஷின் செரியில்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிப்போகும் புள்ள என்கிறார். மறுநாள் செங்கோட்டையன் காட்டுப் பக்கமே வந்து மெஷின் எப்படிங்கண்ணா என்று கேட்டார். இவர் கையை உதறிக்கொண்டே அருமையா இருக்குதுங்க என்றார். அப்படின்னா இன்னும் ரெண்டு நாள் வெச்சுக்கோங்க, எனக்கென்னுங்க அவசரம் என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆக ஒரு நாளில் போக வேண்டிய சனியன் நாலு நாள் நம் வீட்டில் இருந்தது, இவரும் மரியாதைக்காக நாலு நாளும் அறுத்தார். இப்படியும் ஒரு மரியாதை உண்டா சொல்லு.

ஐந்தாம் நாள் காலையில் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தேன். டம்ளர் சாய்ந்து சுடச்சுடக் காபி விரல்மேல் வழிந்துகொண்டிருக்கிறது, உங்கப்பா பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். விரல் நாலும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அன்றைக்கே ஈரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார், இவர் கோயமுத்தூரில் பம்பு வார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் கிரைண்டர் பிடித்ததைச் சொன்னார். விரலின் நரம்பும் ரத்த ஓட்டமும் அப்போதே கெட்டுப்போயிருக்கிறது, இந்த நாலு நாள் அதைக் கிளப்பிவிட்டது, இனி அதிர்கிற எதையும் கையில் பிடிக்கக் கூடாது, பிடித்தால் சட்டைப் பித்தான்கூடப் போட முடியாமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவர் செரிங்க டாக்டர், செரிங்க டாக்டர் என்று ஏழெட்டுத் தரம் தலையாட்டினார். அதற்கு அடுத்து வந்த ஞாயிறே உன்னிடம் இருப்பதிலேயே பெரிய மெஷினைக் கேட்கிறார்! போனை வைத்ததும் ஏன் இப்படி என்று சண்டை போட்டேன், புதுசுன்னா அவ்வளவா ஆடாது, புள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லிப்போடாதே, அங்க தனியா இருக்குது, பயந்துக்கும் என்றார். பித்தான் இப்போதே நான்தான் போட்டுவிடுகிறேன் கண்ணு. பால் கறக்கவும் நான்தான் உட்காருகிறேன், அவர் கை பட்டால் மாடு காலைத் தூக்குகிறது. காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்துவிடும், வெந்நீரில் வைத்தால்தான் உயிர் வருகிறது, அந்த வெந்நீருக்குத்தான் இந்த விறகு. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மகளிர் சங்கத்தில் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு நேற்று நான் மட்டும் காங்கயம் போய், திருமலைசாமி கடையில் மெஷின்களைப் பார்த்துவிட்டு வந்தேன். விலையும் கம்மியாக இருக்க வேண்டும், ஆட்டமும் கம்மியாக இருக்க வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஆன்லைனில் மலிவாக வருகிற பெரிய மெஷின்களில் எவ்வளவு அதிரும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்க மாட்டார்களாம், அப்பா கேட்டது அந்த ரகம். நல்லதில் கைப்பிடியும் இஞ்சினும் தனித்தனியாக இருந்து நடுவில் ஸ்பிரிங் இருக்கும், பிளேடு குட்டையாக இருந்தால் ஆட்டம் இன்னும் குறையும், சங்கிலி மொட்டையானால் எந்த மெஷினும் குதிக்கும், அதனால் அடிக்கடி அரம் போட வேண்டும் என்றார். வீட்டு விறகுக்குப் பன்னிரண்டு அங்குலப் பிளேடு வைத்த பேட்டரி மெஷினே போதும், பெட்ரோல் கலக்கிற வேலையும் இல்லையாம், விலை அப்பா கேட்டதைவிடக் கொஞ்சம்தான் கூட. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அப்படியானால் இது ஆடவே ஆடாதா என்று கேட்டேன். கம்மிதானுங்க அக்கா, ஆடவே ஆடாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டனுங்க என்றார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கம்மி என்பது நல்ல கைக்குத்தானே கம்மி, உங்கப்பா கைக்கு அதுவும் மிச்சம் அல்லவா? அப்போதுதான் நீ போன மார்கழியில் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது, உன் வீட்டு ஓனரம்மா, எழுபது வயசு இருக்கும் என்றாயே, பனியில் நின்று தானே விறகு அறுக்கிற படம். மெஷினை என் கையில் கொடுங்கள் என்றேன். திருமலைசாமி ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, எனக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்று காட்டி, கடைக்குப் பின்னால் கிடந்த கட்டையை அறுக்கச் சொன்னார். அறுத்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் நேராக அறுத்தேன்.

ஆகவே கண்ணு, அந்தப் பேட்டரி மெஷினை வாங்கு, ஆனால் என் பேரில் வாங்கு. ஆன்லைன் வேண்டாம், திருமலைசாமி கடைக்கே பணம் அனுப்பிவிடு, ரிப்பேர் என்றால் ஆள் வேண்டுமே. ஒரு நாள் ஆள் அனுப்பி எனக்குக் கற்றுக்கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். தரையில் கிடக்கிற கட்டையைத் தவிர வேறு எதிலும் வைக்க மாட்டேன். கையுறை மட்டும் அங்கிருந்து அனுப்பு, கடையில் இருந்ததெல்லாம் ஆம்பளை அளவு. அதற்காகத்தான் பின்பக்கம் என் கைகளை வைத்து வரைந்திருக்கிறேன்.

அந்தப் படத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இடது கையை நானே வரைந்துவிட்டேன். வலது கையை வரைய இடது கையில் பேனா நிற்கவில்லை. மல்லாடிக்கொண்டிருக்கும்போது கொறங்காட்டிலிருந்து உங்கப்பா வந்துவிட்டார், என்ன புள்ள பண்றே என்றார். எனக்குப் பொய் வரவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். பிறகு கையை வெச்சுக்கோ என்று பேனாவை வாங்கி என் விரல்களைச் சுற்றி வரைந்தார். பேனா மூன்று தரம் நழுவியது, மூன்று தரமும் தேடி எடுத்தார். வரைந்து முடித்துவிட்டு, உள்ள பஞ்சு வெச்சதா அனுப்பச் சொல்லு, சங்கிலிக்கு நான் அரம் போட்டுத் தாரேன் என்று மட்டும் சொன்னார்.

இதை ஒட்டிவிட்டு உன்னைக் கூப்பிடுகிறோம், அவரே சொல்கிறேன் என்றிருக்கிறார், ஸ்பீக்கரிலேயே போடுகிறேன். நாட்ராயசாமி துணையிருக்க நீ நீண்ட ஆயுசோடு நல்லபடியாக இருக்க வேண்டும். கம்பு மாவை வெயில் கிடைக்கிற அன்றைக்கு ஒரு தரம் உலர்த்தி வை. போனில் உங்கப்பா எனக்கு ஒண்ணுமில்லை கண்ணு என்று சொன்னால் சரி என்று கேட்டுக்கொள். பொட்டலம் வந்ததும் அந்த வலது கையின் கோட்டைப் பார்.

உன் அம்மா
பொ. சாமியாத்தாள்