உன் ரத்தம் சேராத அன்று

லாரிக்காரா,

இன்று காலை ஆஸ்பத்திரிச் சோதனை அறையில், ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரில் இன்னொருவருடைய ரத்தத்தைச் சொட்டிக் கண்ணாடித் தகட்டை மெல்ல ஆட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செங்கல் பொடிபோலத் துகள் துகளாகப் பிரிந்தது. சேராத ரத்தம். அதைக் கண்டால் உன் முகம்தான் வருகிறது. நீ காய்ச்சலில் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது.

அன்று பிரசவமான உன் மனைவியை ரப்பர் தோட்டத்து லாரியில் நீயே கொண்டுவந்தாய். சிகாமட் சாலையில் வெள்ளம் அப்போதுதான் வடிந்திருந்தது. அவள் ரத்தம் நிற்காமல் போய் உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தாள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அவருடைய உதவியாளான என் முன்னால் உட்கார்ந்தாய்.

சோதித்துப் பார்த்தேன். "உன்னது ஆகாது. வேற ஆள் பாக்கணும்."

"என்னய்யா டிரஸரே, பொண்டாட்டிக்குப் புருஷன் ரத்தம் ஆகாதா? உசுரு போயிட்டிருக்கு. ஏத்துய்யா."

"ஏத்தினா செத்துருவா."

என் சட்டையைப் பிடித்தாய். டாக்டர் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். பார்த்தேன், அதேதான். ஆஸ்பத்திரிச் சமையல்காரரைக் கூப்பிட்டேன், அங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவரைக் கூப்பிட்டேன், இருவருடையதும் சேரவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் மலாய்க்காரர் கையை நீட்டினார். "அம்பில் லா," எடுத்துக்கொள் என்றார். அவருடைய சொட்டு பிரியாமல் நின்றது. சாயங்காலம் உன் மனைவி குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசவில்லை. கோப்பிக் கடையில் என்னைக் கண்டால் எழுந்து போய்விடுவாய். உன் ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று தோட்டத்தில் பேச்சாகியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று உன் லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

"ரத்தத்துல நாலு வகை இருக்கு. உன்னது ஒண்ணு, அவளது ஒண்ணு. கெட்ட ரத்தமுன்னு யார் சொன்னா?"

வண்டியை ஓரம் கட்டினாய். "அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல" என்றாய்.

அடுத்த மாதம் தோட்டத்து ஆட்கள் ஏழு பேரை ஏற்றிவந்து இறக்கினாய். "இவங்க வகையெல்லாம் பாத்து எழுதி வை. அவசரத்துல ஆள் தேடி ஓடாத."

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமல் விட்டேன். இங்கே வருவதற்கு முன் வேறோர் ஆஸ்பத்திரியில், அண்ணன் ரத்தத்தைத் தம்பிக்குச் சோதிக்காமலே ஏற்றினோம். கூடப்பிறந்தவன்தானே என்றார்கள். புட்டியைப் பிடித்திருந்தவன் நான். ரத்தம் ஏறும்போதே "இடுப்பு வலிக்குதுண்ணே" என்று என்னிடம் சொன்னான் அந்தத் தம்பி. ஏதோ தப்பு என்று எனக்குப் பட்டது. பெரிய டாக்டர்கள் நிற்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் அவன் போய்விட்டான். அன்று நீ சட்டையைப் பிடித்தபோது நான் இணங்காமல் நின்றது தைரியத்தால் அல்ல. அவன் குரல் காதில் இருந்தது.

இப்போதும் யார் அவசரப்படுத்தினாலும் சோதிக்காமல் ஏற்ற விடுவதில்லை. ஒருவருடையது ஆகாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தைச் சொல்கிறேன். சிலர் அழுகிறார்கள், சிலர் உன்னைப்போலக் கோபப்படுகிறார்கள். அவர்களுக்குப் புரியும்வரை நான் எழுந்து போவதில்லை.