வரிசையில் மூன்றாவது ஆள்

786

செங்கல்பட்டு
12-3-1978

அன்புள்ள முனீர் அண்ணனுக்கு, தங்கை சுராயாவின் ஸலாம்.

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. கேள்விப்பட்டது உண்மைதான். உங்கள் மச்சானுக்கு இடது கண் போய்விட்டது. பதினாறு நாள் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்து, நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்தார்.

ஜஹனாராவுக்கு ஐந்து வயதாகிறதல்லவா, கப்பல் பார்க்க வேண்டுமென்று ஒரே நச்சரிப்பு. கப்பலுக்கு எங்கே போவது? மகாபலிபுரத்துக்குத் தெற்கே மீன் இறக்கும் துறைக்கு அழைத்துப் போனோம். யாரும் போய்ப் பார்க்கலாம், வாங்கலாம். லோகநாயகி என்ற மீன்காரி ஒரு நண்டைக் காட்டி என் மகளைச் சிரிக்க வைத்தாள். இவர் கரையோரம் நின்ற மோட்டார் லாஞ்சுப் பக்கம் போய் வஞ்சிரம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் லாஞ்சுக்காரர்கள் கட்டுமரக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனார்களாம். எங்களுக்கு என்ன தெரியும்? திடீரென்று நாற்பது ஐம்பது பேர் துடுப்பும் கழியுமாக ஓடி வந்தார்கள். லாஞ்சிலிருந்த ஒருவரை இழுத்துப் போட்டு, முகம் மணலில் புதையப் புதைய மிதித்தார்கள். டீசலை ஊற்றி லாஞ்சைக் கொளுத்தினார்கள். பேண்டு சட்டையோடு நின்ற இவரைப் பார்த்து, "இவன் லாஞ்சி மொதலாளிடா!" என்று ஒருவன் துடுப்பை ஓங்கினான். முதல் அடி தோளில். இரண்டாவது முகத்தில். பச்சை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம், அண்ணே. அப்படியே நினைவில்லாமல் சாய்ந்தார்.

நான் அவரிடம் ஓடியபோது ஜஹனாரா கையைவிட்டு நழுவி, ஓடுகிற கால்களுக்கு நடுவே விழுந்தாள். லோகநாயகிதான் அவள்மேல் கவிழ்ந்துகொண்டாள். அவள் முதுகில் நான்கு கழியடி விழுந்தது. விழ விழ, "யோவ், வுடுய்யா! அவுரு மீனு வாங்க வந்தவருய்யா! புள்ளயோட வந்துகீறாருய்யா!" என்று அலறினாள். இவர்மேல் மூன்றாவது அடிக்குத் துடுப்பை ஓங்கியவன் திரும்பிப் பார்த்தான். அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினான்.

"என் வூட்டுக்காரன்மா இவன்," என்று என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன வாரம் ஸ்டேஷனில் ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தி, அடித்தவனை அடையாளம் காட்டச் சொன்னார்கள். மூன்றாவதாக அவன் நின்றான். வாசலில் லோகநாயகி, முதுகை நிமிர்த்த முடியாமல் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் இன்ஸ்பெக்டரிடம், இதில் அந்த ஆள் இல்லை என்றேன்.

இவரிடமும், நான் முகத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லியிருக்கிறேன். கட்டு மாற்றும்போது அந்தக் குழியைப் பார்த்தால் எனக்கு வெறி வருகிறது. அவன் கையை நானே முறிக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மகள் ஓடிவந்து மடியில் உட்காருகிறாள்.

வக்கீல் வைப்பதாகவும், நேரில் வந்து அவனைத் தேடிப் பிடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அண்ணே. நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. எனக்காகத் துஆ செய்யுங்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். இனி அவருக்கு எழுதும்போது, அடித்தவன் அகப்பட்டானா என்று மட்டும் கேட்காதீர்கள். வலது கண்ணுக்கும் ஓய்வு தரச் சொல்லியிருப்பதால், கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் தங்கை,
சுராயா