முப்பது கிராம் சேதி

அன்பு மவ கலைமதிக்கு, மரக்காணத்துல இருந்து அப்பன் தெய்வசிகாமணி எழுதறது. இங்க நான், உங்கம்மா, ரெண்டு ஆடு, நாலு பேரும் நல்லாத்தான் இருக்கோம், அதுல ஆடுங்க மட்டும் கொஞ்சம் கூடுதலா நல்லா இருக்குது, ஏன்னா அதுங்களுக்கு உங்கம்மா சமைக்கறதில்ல. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த குவைத்து வெயில்ல வாடாம இருக்கணும்னு மாரியாத்தாவ கேட்டுக்கறோம். போன் இருக்கறப்ப கெழவன் ஏன் லெட்டர் எழுதறான்னு நெனைப்ப. போன்ல நான் எது சொன்னாலும் நீ சிரிச்சுடற, இது சிரிக்கற விசயம் இல்ல. மளிகைக்கடை ஹபீப் பாய் மவன் ஹம்தான் லீவு முடிஞ்சு அங்க வர்றான், அவன் கையில கருவாட்டோட சேத்து இதையும் குடுத்து அனுப்பறேன்.

போன மாசம் நம்ம ஊரு பேப்பர்ல என் போட்டோ வந்துதே, நீகூட அழகா இருக்கீங்கப்பான்னு அனுப்பியிருந்த. மூஞ்சியத்தான் பாத்திருப்ப, மேல எழுதினத படிச்சிருக்க மாட்ட. நடந்தது என்னன்னா, உப்பளத்துல என்கூட உப்பு வாரிக்கிட்டிருந்த ஆராயி உச்சி வெயில்ல மயங்கி பாத்தியிலயே விழுந்துட்டா, கை முட்டியெல்லாம் உப்பு அறுத்துடுச்சு. அதுக்கப்புறம் நாங்க நாப்பது பேரு சேந்து, ஒதுங்க ஒரு கொட்டாய், குடிக்க தண்ணி டேங்கு, காலுக்கு பூட்சு, இந்த மூணும் வேணும்னு மனு எழுதினோம், மொத கையெழுத்து நான்தான் போட்டேன். அதக் கேள்விப்பட்டு பேப்பர்கார ஜெயசீலன் வந்தான், பக்கத்து ஊரு பிரம்மதேசத்துப் பையன், உன்கூட ஒம்பதாவது படிச்சவன்தான். என்னா பெருசு, உங்களுக்கு இங்க என்னா கொறைன்னு கேக்கறான். வெந்த கால வெச்சுக்கிட்டு உப்புத்தண்ணியில நிக்கிறவன பாத்து கேக்கற கேள்வியா இது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, எங்களுக்கு என்னா கொறை தம்பி, மொதலாளி எங்க காலுக்கு வெள்ளில செருப்பு குடுத்திருக்காரு, வெயில் ஏறினா ஏசி ரூம்ல படுக்க வெக்கிறாருன்னு சொன்னேன். நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான், அந்தச் சிரிப்போட என்னை போட்டோ புடிச்சுக்கிட்டான். மூணாம் நாள் பாத்தா, "எங்களுக்கு என்ன குறை? மூத்த உப்பளத் தொழிலாளி தெய்வசிகாமணி பெருமிதம்"னு கொட்ட எழுத்துல போட்டிருக்குது. வெள்ளிச் செருப்பையும் காணோம், ஏசியையும் காணோம், ஆராயி விழுந்ததையும் காணோம்.

மனுவ எடுத்துக்கிட்டு போன ஆராயிகிட்ட தாலுக்கா ஆபீசரு அந்தப் பேப்பரை நீட்டி, மொத கையெழுத்து போட்டவரே கொறையில்லன்னுட்டாரேம்மான்னு திருப்பி அனுப்பிட்டாராம். அன்னையிலிருந்து அளத்துல ஒருத்தரும் என்கிட்ட பேசறதில்ல, கெழவன் மொதலாளிகிட்ட வாங்கித் தின்னுட்டான்னு பேச்சு. முப்பது வருசமா டீக்கடையில அந்தப் பேப்பரை எழுத்துக் கூட்டி எல்லாருக்கும் படிச்சுக் காட்டினவன் நான். பேப்பர்லயே போட்டிருக்கான், அப்புறம் என்னடா பேச்சுன்னு எத்தினி பேரு வாய அடக்கியிருக்கேன். இப்ப டீக்கடை குப்புசாமி அதையே எனக்குத் திருப்பிச் சொல்றான்மா. அந்தப் பேப்பரு எனக்குச் செஞ்சது, கூடப் பொறந்தவன் கழுத்த அறுத்தா எப்பிடி இருக்கும், அப்பிடி இருக்குது.

சும்மா இருப்பானா உங்கப்பன். பாய் கடையில பொட்டலம் கட்ட ஒரு வருசத்துப் பேப்பர் கெடந்துது, நாலு நாள் குந்தி நானும் உங்கம்மாவும் கத்திரிக்கோலால அளத்து சேதிய மட்டும் வெட்டி எடுத்தோம். மொதலாளிங்க சொன்னது, அவங்க குடுத்த வெளம்பரம் எல்லாம் ஒரு பையி, நம்ம ஆளுங்க சொன்னது ஒரு பையி. பாய் தராசுல வெச்சா அவங்களது முக்கா கிலோ, நம்பளது முப்பது கிராம், அதுலயும் பாதி இடி விழுந்து செத்தவங்க சேதி. பாய் நம்பாம தராச தட்டிட்டு இன்னொருக்கா வெச்சாரு, அப்பவும் முப்பதுதான். ரெண்டு பையையும் தூக்கிக்கிட்டு திண்டிவனத்துல இருக்கற பேப்பர் ஆபீசுக்கே போனேன். ஆசிரியரு மரியாதையா உக்கார வெச்சு டீ குடுத்தாரு, பைய தொடவே இல்ல. அய்யா நீங்க அந்த வார்த்தைய சொன்னீங்களா இல்லியான்னாரு. சொன்னேன்னேன். அப்ப எங்க மேல என்னா தப்புன்னாரு. ரெண்டு பையையும் எடுத்துக்கிட்டு எழுந்துட்டேன்மா. வெளிய வந்தா ஜெயசீலன் பின்னாடியே வந்து, நான் முழுசாத்தான் எழுதிக் குடுத்தேன் மாமா, அங்க வெட்டிட்டாங்கன்றான். அத உள்ள வந்து அவர்கிட்ட சொல்லுடான்னேன். பஸ்சு வந்துடுச்சு மாமா, ஏறுங்கன்றான். பதினஞ்சு நாள் ஆச்சு, பேப்பர்ல திருத்தி ஒரு வரி போடல.

நேத்து ஆராயி வீட்டுக்கு வந்தா. வர்ற திங்கக்கெழம எல்லாரும் வேன் வெச்சுக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்கு போறாங்களாம். நீ வரணும் மாமா, ஆனா அங்க வாயத் தொறக்கக் கூடாது, நான் பேசிக்கறேன், மொத கையெழுத்து உன்னுது, நீ பக்கத்துல நின்னா போதும்னுட்டா. அவ கையில காயம் இன்னும் ஆறல. சரிம்மான்னுட்டேன்.

பேரனை ஏசியிலயே போட்டு வெக்காத, சளி புடிக்கும். கருவாட்ட ஹம்தான்கிட்ட எண்ணி வாங்கு, நல்ல பையன்தான், ஆனா பிரயாணம் தூரம். உன் வீட்டுல அடுப்பும் சிரிப்பும் அணையாம இருக்கட்டும், நீங்க மூணு பேரும் எங்களவிட ரெட்டிப்பு வயசு இருக்கணும். அறுவத்தெட்டு வயசுல உங்கம்மாவ தவுத்து எவளும் என்னை பேசாதன்னு சொன்னதில்ல. திங்கக்கெழம சாயங்காலம் போன் பண்ணு. கலெக்டர் என்னா சொன்னாருன்னு உங்கம்மாகிட்ட கேட்டுக்கலாம், என்கிட்ட மட்டும், பேசாம நின்னீங்களாப்பான்னு கேளு.

உன்ன பெத்த அப்பன்,
தெய்வசிகாமணி