அப்பா கண்ணாடியைத் துடைத்தார்

அன்புக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பூனையும் சுகம். உன் சுகத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், முதலில் சேதியைக் கேள். உன் அப்பா கொலைகாரராகிவிட்டார். பதறாதே, தொலைக்காட்சியில்தான். இத்தனை வருஷம் மேடையில் ‘ஐயா, வண்டி வந்துவிட்டது’ என்பதோடு உள்ளே போய்விடுகிற மனிதருக்கு, ஊரே படித்த ஒரு துப்பறியும் கதையில் டாக்டர் வேஷம் கிடைத்தது. புத்தகத்தில் ஒரு கிழவரைக் கொல்வது அவருடைய அண்ணன் மகன். படித்தவர்களும் ஏமாறட்டும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் கொலையை டாக்டர் தலையில் கட்டிவிட்டார்கள். அப்பா என்னிடம்கூட மூச்சு விடவில்லை. கடைசிவரை ஒருத்தரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது, அதுதான் நடிப்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டு, சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

நம் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருப்பது மருந்துக்கடைக்காரர் வீட்டில் மட்டும்தான், எல்லோரும் அங்கே கூடிவிட்டோம். நடிகர்கள் நிலையத்தில் நடிக்க நடிக்க இங்கே தெரிகிறது, படம் பிடித்து வைப்பதில்லையாம், உனக்குக் காட்ட வழியில்லையே என்று எனக்குக் குறைதான். கொலை நடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று துப்பறிபவர் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நான் ஒளித்து வைத்த மிட்டாயைத் தின்றுவிட்டு, தொடவே இல்லை என்று சாதிக்கும்போது துடைப்பாரே, அதே துடைப்பு. என் வாய் சும்மா இருக்குமா, கொன்னது எங்க வீட்டுக்காரர்தான் என்று கத்திவிட்டேன். பேசாம உக்காருங்க, நாங்க புத்தகமே படிச்சிருக்கோம் என்று மருந்துக்கடைக்காரர் மனைவி அதட்டினார். கடைசியில் துப்பறிபவர் அப்பாவை நோக்கி விரலை நீட்டியபோது ஒருத்தரும் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், நீ என்னைச் சந்தேகப்பட்டியா என்று கேட்டார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி முகம். எனக்கு மனசு கேட்கவில்லை. கனவுலகூட நினைக்கல என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தேன். சுத்தமா இருக்கிற அடுப்பை நீ பொய் சொல்றப்பதான் துடைப்பே என்றார், முகம் வாடிவிட்டது. என்னைத் தவிர தெருவில் ஒரு ஈ காக்கைகூடக் கண்டுபிடிக்கவில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் சிரித்தார். அந்தக் கண்ணாடித் துடைப்பு பிரமாதம் என்று இயக்குநர் பாராட்டி, அடுத்த கதையிலும் வேஷம் கொடுத்திருக்கிறாராம். எப்போது துடைத்தோம் என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, இப்போது உன் வழக்கு. வேலை நன்றாகப் போகிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் நீ பூனையை விசாரிப்பாய், போன கடிதம் முழுக்கப் பூனைதான். எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பூனை கொழுத்துப்போய்ச் சுகமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

இப்படிக்கு,
கொலைகாரரின் மனைவி,
உன் அம்மா